கடைக்குப் போன் போட்டவன்

ஆடி 1, வியாழன்

கூப்பன் செத்துப் போனால் செத்துப் போச்சு என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. வாய் வலிக்குதா, விரல் தேயுதா. காலையில் பெரியவர்களுக்குக் கட்டும் நாப்கினுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன், போனில் நான் சேர்ந்திருக்கிற குரூப்பில் வந்தது. கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் போட்டேன். போகவில்லை. மறுபடி போட்டேன். போகவில்லை. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. எனக்கு முன்னால் எத்தனை பேர் போட்டு ஏமாந்தார்களோ, ஒருத்தன் கூட "முடிஞ்சது" என்று சொல்லவில்லை. தான் விழுந்த குழியில் அடுத்தவனும் விழட்டும் என்று போகிற ஜனம்.

இதை நான் எழுதவில்லை. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. சங்ககிரியில் லாரிக்குக் கிளீனராக ஏறி, டிரைவராகி, குவாஹாத்தி வரைக்கும் போனவன். ஒரு போர்டு படித்ததில்லை. ஒரு தடவை போன வழி மறக்காது, ஒரு தடவை கேட்ட பேச்சும் மறக்காது. அதை வைத்தே காலம் தள்ளியாயிற்று.

டாக்டர்தான் சொன்னார், வீட்டம்மாவுக்குத் தினமும் என்ன நடக்கிறது என்று குறித்து வையுங்கள் என்று. என் கோபத்தைக் குறித்து வைக்கச் சொல்லவில்லை. ஆனால் போனைத் திறந்தால் அதுதான் முதலில் வருகிறது.

நல்லம்மாள்: காலையில் அடிப்பிடித்த கஞ்சி, பாதி. மத்தியானம் இட்டிலி ஒன்றரை. மலம் போனது. மாசியில் வலது பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், நான் கத்தினாலும் அப்புறம்.

ஆடி 2, வெள்ளி

சிஸ்டர் பூங்கோதை வந்து நல்லம்மாளின் படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், போன வாரத்துக்கு இந்த வாரம் ஆழமாகியிருக்கிறது.

"ஏனுங்கய்யா, எத்தனை தடவை சொல்றது. காத்து மெத்தை போட்டாத்தான் இது ஆறும். பஞ்சு மெத்தையில படுக்க வெச்சு நான் தினம் மருந்து போட்டாலும் ஆறாது."

"பாத்துட்டுத்தான் இருக்கறேன் அம்மிணி. ஆடித் தள்ளுபடியில விலை எறங்கும்."

"விலை எறங்கறதுக்குள்ள புண்ணு எலும்புக்கு எறங்கிரும்" என்றாள். இவளுக்கு வாய் அதிகம். பிறகு சொன்னாள், "பவானி ரோட்டுல நான் கட்டுப்போடப் போன ஒரு பெரியவர் போன மாசம் தவறிட்டார். அவரோட காத்து மெத்தை சும்மாதான் சுருட்டிக் கெடக்குது. கேட்டா குடுத்துருவாங்க. வாங்கிட்டு வரட்டுங்களா?"

செத்தவன் படுத்த மெத்தையில் என் பெண்டாட்டியைப் படுக்க வைப்பதா. அவளை வாசல் வரைக்கும் அனுப்பிவிட்டுத்தான் பேசினேன், ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரியே பேசினேன்.

முழு விலை கொடுத்து வாங்க என் கையில் இல்லை. பூனாவில் இருக்கும் மகனைக் கேட்க மாட்டேன். கேட்டால் தருவான். தந்ததற்கு அப்புறம் அங்கே வீட்டுக்குள் நடக்கிற பேச்சு எனக்கு இங்கே வரைக்கும் கேட்கும்.

ஆடி 4, ஞாயிறு

குரூப்பில் ஒரு புண்ணியவான் எண்ணெய்க் கூப்பனை வைத்து ஒரே ஆளாக ஒரு டஜன் டின் வாங்கி, அதைப் படம் பிடித்து வேறு போட்டிருக்கிறான். பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஜெசிந்தா அம்மா, அதுதான் குரூப்பை நடத்துகிற அம்மா, நாகர்கோவில்காரர், அவனைக் கேட்டார்: "ஒங்க வீட்டுல என்ன, செக்கா ஓடுது?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு குரல் போட்டு விட்டேன், நல்ல காரமாக.

குரூப்புக்குச் சிக்கன வாசல் என்று பெயர். இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லாரும் எழுதுவார்கள், நான் மட்டும் பேசுவேன். அவர்கள் எழுதுவதைப் போன் எனக்குப் படித்துக் காட்டும். ஒரு தடவை நானும் பேசி எழுத வைத்துப் போட்டேன். மெத்தை என்று சொன்னது அத்தை என்று விழுந்துவிட்டது. "பெரியவருக்கு அத்தை வேணுமாம், ஆடித் தள்ளுபடியில கெடைக்குமா" என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அதிலிருந்து குரல்தான். எனக்குப் படிப்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரியாது. சோம்பேறிக் கிழவன் என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். ஓசூர் குமரகுருபரன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கூப்பன் வந்தால் அவன் தனியாக எனக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அனுப்புவான். அவன் சொன்னதை நான் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே போனிடம் சொல்லிப் போட்டுவிடுவேன்.

ரோட்டில் லாரிக்காரர்கள் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. முன்னால் செக்போஸ்டில் பிடிக்கிறார்கள் என்றால் எதிரே வருகிறவனுக்கு லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டிவிட்டுப் போவோம். அவன் யார், எந்த ஊர், எதுவும் கேட்க மாட்டோம். இந்தக் குரூப்பும் அது மாதிரிதான் என்று நினைத்துச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கு ஜெசிந்தா அம்மா "மேல இருக்கத பாத்துக்கிடுங்க ஐயா" என்றார். குரூப்பின் உச்சியில் நகத்தளவுக்கு ஒரு படத்தைக் குத்தி வைத்திருக்கிறார்கள். தொட்டால் போன் "படம்" என்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை. ஏதோ சாமி படமாக இருக்கும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ஆடி 6, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

பத்து மணி வாக்கில் குமரகுருபரனின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "ஐயா, காத்து மெத்தை, பம்போட. நாலாயிரத்துச் சொச்சம் போட வேண்டியதை நானூத்துச் சொச்சம்னு போட்டிருக்கான். ஒரு சைபர் விழுந்துபோச்சு. லிங்க் அனுப்பிட்டேன், மொதல்ல போடுங்க, அப்புறம் பேசலாம். எங்க மாமியாருக்கும் போட்டுட்டேன்."

லிங்கைத் தட்டினேன். மஞ்சள் பட்டை, அப்புறம் கீழே பச்சைப் பட்டை, வீட்டு விலாசம் மகன் போன தடவை வந்தபோது ஏற்றி வைத்தது. பொருள் வந்த பிறகு காசு. போன் "ஆர்டர் செய்யப்பட்டது" என்று படித்தது. நல்லம்மாளிடம் போய்ச் சொன்னேன். "அப்புறம்" என்றாள். "அப்புறம் என்ன, புண்ணு ஆறும்" என்றேன்.

லாரி ஆபீசில் என் பழக்கம், சரக்கு ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை வாயால் பேசி உறுதி பண்ணிக்கொள்வது. காகிதத்தில் இருப்பது எனக்குத் தெரியாது, வாயில் வருவது தெரியும். அதனால் கடைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல மரியாதையான பெண். எப்போது வரும் என்று கேட்டேன். வியாழக்கிழமை என்றாள். கொண்டு வருகிற பையனுக்குச் சில்லறை இருக்காது, நாம்தான் சரியாக எடுத்து வைக்க வேண்டும், அதனால் "நானூத்துச் சொச்சம்தானே அம்மிணி, காத்து மெத்தை, பம்போட" என்று கேட்டேன். அவள் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு "எவ்ளோன்னு சொன்னீங்க சார்?" என்றாள். திருப்பிச் சொன்னேன். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள். பாட்டுப் போட்டார்கள். திரும்ப வந்து, "தகவலுக்கு ரொம்ப நன்றி சார்" என்றாள். இந்தக் காலத்தில் இப்படி நன்றி சொல்கிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம்.

குமரகுருபரனுக்கும் ஒரு குரல் போட்டேன், கடையிலேயே கேட்டுவிட்டேன், வியாழக்கிழமை வந்துவிடும், உங்கள் மாமியாருக்கும் அன்றைக்கே வரும் என்று. வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "சரிங்க ஐயா." வேலையில் இருந்திருப்பான்.

நல்லம்மாள்: கஞ்சி முழுசும் குடித்தாள்.

ஆடி 7, புதன்

பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டேன், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. சில்லறையை எண்ணி டம்ளரில் போட்டு டிவி மேல் வைத்தேன்.

ஆடி 8, வியாழன்

நாசமாய்ப் போக.

காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குப் போன் படித்தது: "வாடிக்கையாளர் ஒருவர் சுட்டிக்காட்டியதன் பேரில் விலைப் பிழை கண்டறியப்பட்டு, உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டது." மறுபடியும் படிக்கச் சொன்னேன். அதையேதான் படித்தது.

குரூப்பில் தீப்பிடித்தது மாதிரி ஆயிற்று. மெத்தை போட்டவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் ரத்து. வேலூரில் ஒருத்தர் தன் அப்பாவுக்குப் போட்டிருக்கிறார், இடுப்பு உடைந்து கிடக்கிறாராம். எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். எவன் போய்ச் சொன்னது.

நானும் கேட்டேன். மற்றவர்கள் எழுதிக் கேட்டார்கள், நான் வாயால் கேட்டேன். ஒரு குரல் போட்டேன், ஆறவில்லை, இன்னொன்று போட்டேன். வயிற்றுக்குச் சோறுதான் தின்கிறானா, கூட இருந்து குழி பறித்தவன் யார், அவன் வீட்டில் ஒரு ஆள் இப்படிப் படுக்கையில் விழுந்து பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும் என்று. என்னென்ன பேசினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே சொல்ல வேண்டாம்.

பக்கத்தில் நல்லம்மாள் "அப்புறம், அப்புறம்" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், இடது கையை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போனைக் காட்டிக் காட்டி ஆட்டினாள். இவளுக்கும் என்னை மாதிரியே கோபம்.

பஞ்சு மெத்தையை எடுத்து வந்து மறுபடி விரித்தேன்.

ஆடி 9, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

உட்கார்ந்து ஒவ்வொருத்தன் பேச்சாக ஞாபகத்தில் ஓட்டினேன். தை மாசம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், எனக்கு அரிசிக் கூப்பன் சொல்லும்போது குமரகுருபரன் சொன்னான்: "என் மச்சான் அந்தக் கடையோட குடோன்லதாங்க ஐயா இருக்கான், இங்கதான், ஓசூர்ல." அதே கடை. செவ்வாய்க்கிழமை காலையில் என்னிடம் மூச்சு விடாமல் பேசினவன், சாயங்காலம் "சரிங்க ஐயா" என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தினான். ஏன்? அதற்குள் மச்சானிடம் சொல்லியிருக்கிறான். மச்சான் நல்ல பேர் வாங்க முதலாளியிடம் போய் ஒப்பித்திருக்கிறான். வேறு யாருக்கு வழி இருக்கிறது?

குரூப்பில் பெயர் சொல்லிக் குரல் போட்டேன். தேதியோடு, அவன் சொன்ன சொல் மாறாமல், மச்சான் வேலை செய்கிற இடத்தோடு. என் ஞாபகத்தைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது.

அவன் எழுதினான்: "நான் இல்லை." அவ்வளவுதான். குற்றம் இல்லாதவன் இப்படியா இரண்டு வார்த்தையில் நிறுத்துவான்? நானாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன்.

ஆடி 10, சனி

குமரகுருபரனைக் குரூப்பை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அவன் போகும்போது கூட ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கும் ஒரு அடி. ஜெசிந்தா அம்மா எழுதியிருக்கிறார்: "பெரியவர் கொரலு போட்டு ஏசுனதுல பாதி பேரு காத பொத்திக்கிட்டு ஓடியாச்சு. ஆபீஸ்ல இருக்கவங்க, பிள்ளைகளோட இருக்கவங்க கேக்க முடியாது. இனி யாரு கொரலு போட்டாலும் தானா அழிஞ்சிரும். மிஷின் வெச்சாச்சு." திருடனைப் பிடித்துக் கொடுத்தவன் வாயைக் கட்டுகிறார்கள். நல்ல நியாயம்.

பூங்கோதை வந்தாள். புண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கட்டுப் போட்டாள். அவள் பேசாதது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடி 11, ஞாயிறு

நாப்கின் கூப்பன் குரூப்பில் வந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆள் இல்லை. போன் இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் சேர்த்து ஏதோ ஒரு வார்த்தையாக உளறியது. முழு விலைக்கு மெடிக்கலில் வாங்கினேன்.

ஆடி 12, திங்கள்

பூங்கோதை கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவும்போது போனை நீட்டினேன். அந்த மிஷின் எப்படிக் குரலை அழிக்கிறது, அதைப் பற்றி மேலே இருக்கிற படத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்பதற்காக. மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்று ஒரு சாக்குச் சொன்னேன்.

"சாமி படமா அம்மிணி?"

"சாமி படம் எங்கீங்க இருக்குது. சட்டதிட்டம். குரூப் விதிகள்னு போட்டிருக்குது" என்று படிக்க ஆரம்பித்தாள். தேவை இல்லாதவர் கூப்பனைத் தொடக் கூடாது. ஒருவருக்கு ஒன்று. முடிந்தால் முடிந்தது என்று சொல்ல வேண்டும், கிடைத்தால் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். சொந்த லாபத்துக்கு லிங்க் போடக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், சண்டைகளைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டது.

"இது மட்டும் செவப்புல பெருசா இருக்குது. 'விலை தவறாகக் குறைந்திருந்தால் எக்காரணம் கொண்டும் கடைக்குப் போன் செய்து கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோருடைய ஆர்டரும் ரத்தாகும். மீறுபவர் நீக்கப்படுவார்.'" படித்துவிட்டுச் சிரித்தாள். "அந்த மாதிரி யாருங்கய்யா போன் பண்ணுவா, தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறதுக்கு?"

நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். "அப்புறம்" என்றாள்.

பூங்கோதையை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஆடி 13, செவ்வாய்

இன்றைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆடி 14, புதன்

படத்தில் எழுதி வைத்தால் எவனுக்குத் தெரியும்? சட்டம் என்றால் வாயால் சொல்ல வேண்டும். சிவப்பில் எழுதினேன், பெரிதாக எழுதினேன் என்றால் ஆச்சா? அந்தக் கடைப் பெண்ணும்தான். வியாழக்கிழமை வரும் என்று சொன்னாளா இல்லையா? சொன்ன சொல்லில் நிற்க வேண்டாமா? நான் என்ன, விலை தப்பு என்றா சொன்னேன்? சில்லறை எடுத்து வைக்கக் கேட்டேன். சில்லறை எடுத்து வைப்பது குற்றமா?

நாள் முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தேன், நல்லம்மாளிடம். அவளால் எழுந்து போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். சாயங்காலம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இழுத்துக்கொண்டதிலிருந்து அவளாகத் தலையை அந்தப் பக்கம் திருப்பியது இதுதான் முதல் தடவை. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆடி 15, வியாழன்

குமரகுருபரனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுத்தான்.

"சொல்லுங்க."

"நான் அர்த்தனாரி, சங்ககிரி."

"தெரியுது. சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது தெரியுமா?"

"கடைக்கு யாரு பேசுனதுன்னு."

அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினான். "செவ்வாக்கெழமை சாயங்காலமே தெரியும். நீங்களே தானே எனக்குக் கொரல் போட்டீங்க, கடையிலயே கேட்டுட்டேன்னு. அதைக் கேட்டதும் கையில இருந்த டீயைக் கீழ வெச்சுட்டேன். இனி அவ்ளோதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் வாயைத் தொறக்கல நீங்க?"

"யோவ், என்னைக் கேக்கறீங்களா?" இதுவரை அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. "நீங்க என் பேரைச் சொன்னதும் உங்க கொரலை எடுத்து குரூப்ல போடத்தான் போனேன். போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டேன். அதுல பின்னால அம்மா 'அப்புறம், அப்புறம்'னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போடல. அவ்ளோதான். உங்களுக்காக இல்ல."

"எனக்கு அந்த விதி தெரியாதுங்க. படத்துல—"

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். மொதல்ல போடுங்க அப்புறம் பேசலாம்னு சொன்னேனே, பேசியிருக்கணும். அது என் தப்பு. ஆனா என் மச்சானை எதுக்கு இழுத்தீங்க? குரூப்ல எவனோ ஒருத்தன் பழி வாங்கறதுக்குன்னு குடோன் மேனேஜருக்கு எழுதிப் போட்டிருக்கான், விலை தப்பா விழுந்தா உங்க ஆளுதான் வெளியில சேதி சொல்றான்னு. அவனைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேட்டிருக்காங்க. நேத்துல இருந்து வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க, விசாரிச்சு முடியற வரைக்கும். எங்க வீட்ல என் பொண்டாட்டி என்கிட்ட பேசறதில்ல. தை மாசம் நான் சொன்னது ஒரு வார்த்தை மாறாம ஞாபகம் வெச்சிருக்கீங்க. அன்னைக்குக் காலையில நீங்க போன் பண்ணது மட்டும் ஞாபகம் வரலையா?"

மறக்கவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் போட்ட பாட்டு கூட. அது குற்றம் என்கிற பக்கம் என் புத்தி போகவே இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று பார்ப்பதற்குள் வைத்துவிட்டான்.

ஆடி 16, வெள்ளி

காலையில் குரூப்பில் குரல் போட்டேன். "கடைக்குப் பேசினது நான்தான்." போட்ட மாத்திரத்தில் போன் சொன்னது: "குரல் பதிவு நீக்கப்பட்டது." இன்னொரு தடவை போட்டேன். நீக்கப்பட்டது. சத்தமாகப் போட்டேன். மிஷினுக்குச் சத்தம் எல்லாம் ஒன்றுதான்.

மனுஷன் தப்பை ஒத்துக்கொள்ள வந்தால் அதையும் அழிக்கிற ஊர் இது.

அப்புறம் இந்தக் குறிப்பைப் பேசுகிற மாதிரியே பேசி எழுத வைத்தேன். அத்தை கித்தை என்று விழுந்தால் விழட்டும். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தப்பை அழித்து, மறுபடி பேசினேன். பூங்கோதை வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போகிற வரைக்கும் அதே வேலை. கடைசியில் போட்டது இது:

"நான் அர்த்தனாரி. மெத்தைக்குக் கடைக்குப் போன் போட்டது நான். குமரகுருபரன் இல்லை. அவர் மச்சானும் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேலே இருப்பது சாமி படம் என்று நினைத்தேன். குடோனுக்கு எழுதிப் போட்டவர் யாரோ, அவர் இன்றைக்கே திருப்பி எழுத வேண்டும், முதலில் எழுதியது பொய் என்று. எழுதவில்லை என்றால் நான் ஓசூருக்கே போவேன். நான் போய் நின்றால் என் வாயை எந்த மிஷினும் அழிக்க முடியாது."

அப்புறம் ஒவ்வொன்றாகப் போன் படித்தது. வேலூர்க்காரர்: "எங்க அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க." ஒருத்தன்: "ஒத்துக்கிட்டதுக்கு நன்றி." ஒருத்தன்: "பேசின பேச்சு என்ன, சாமி படமாம்." இன்னொருத்தன் ஒன்றும் எழுதாமல் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டான். குடோனுக்கு எழுதினவன், "எழுதிட்டேன்" என்றான். பெயரைக் கேட்டுக்கொண்டேன், மறக்க மாட்டேன்.

மத்தியானம் ஜெசிந்தா அம்மாவே போனில் வந்தார்.

"ஐயா, எழுத்து தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாசிச்சுக் காட்டியிருப்பனே."

"அதைச் சொல்றதுக்கு நான் உங்க குரூப்புக்கு வரலீங்க."

"இப்ப சொல்லியாச்சுல்லா." உடனே விஷயத்துக்கு வந்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஐயா. ஓசூர்க்காரர தூக்குனவ ஒங்கள விட்டா நாளைக்கு நான் அங்க ஒரு வார்த்த பேச முடியாது. அவர திரும்ப கூப்பிட்டிருக்கேன். அந்தச் சட்டத்த இன்னைக்கே என் கொரல்ல பேசி மேல குத்தி வைக்கேன், புதுசா வாறவங்க கேக்கட்டும்."

"அதை முன்னமே பண்ணியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றார். அவர் இன்னும் இரண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்குப் போன் படித்தது, நீங்கள் இந்தக் குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள் என்று. நல்லம்மாளிடம் சொன்னேன். "அப்புறம்" என்றாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. போச்சு" என்றேன்.

அவள் இடது கையால் கட்டிலைத் தட்டினாள். தான் படுத்திருக்கிற மெத்தையை.

ஆடி 17, சனி

பூங்கோதைக்குப் போன் போட்டு, பவானி ரோட்டு மெத்தை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஏதாவது சொல்லட்டும், நான் திருப்பிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். "இருக்குதுங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஊரே காவேரிக்குப் போயிருந்தது. பூங்கோதை லீவு நாளிலும் வண்டியில் மெத்தையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். நன்றாகத் துடைத்து, மருந்து போட்டு, மஞ்சள் தண்ணீர் கூடத் தெளித்து எடுத்து வந்திருந்தாள். அது அவளுக்காக இல்லை, எனக்காக என்று தெரிந்தது. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன்.

இரண்டு பேருமாக நல்லம்மாளைப் புரட்டி அடியில் விரித்து, பம்பைப் போட்டோம். ஒரு வரிசை ஏறுகிறது, ஒரு வரிசை இறங்குகிறது. சத்தம், வண்டியை நியூட்ரலில் விட்டு டீ குடிக்கப் போகும்போது கேட்கிற சத்தம். நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். தூங்கியிருக்கிறாள்.

செத்தவர் யாரென்று கேட்டேன். பவர்லூம் வைத்திருந்தவராம். பெயர் ராமசாமி. எட்டு மாசம் இதில் படுத்திருந்தாராம். கடைசி வரைக்கும் முதுகில் ஒரு புண் இல்லையாம்.

கிடைத்தால் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் குரூப் இல்லை. குமரகுருபரனுக்கு ஒரு குரல் போட்டேன். "மெத்தை கெடைச்சுதுங்க." வேறு எதுவும் சேர்க்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை அவன் மச்சானிடம்தான் சொல்ல வேண்டும்.

ஆடி 20, செவ்வாய்

நல்லம்மாள்: இட்டிலி மூன்று. புண்ணின் ஓரம் சிவப்பு குறைந்திருக்கிறது, பூங்கோதை சொன்னாள்.

குமரகுருபரனிடமிருந்து குரல் வந்தது. வணக்கம் இல்லை, ஐயா இல்லை.

"என்ன விலைக்கு?"

கிடைத்தது என்று ஒருத்தர் சொன்னால் அடுத்த ஆள் அதைத்தான் கேட்க வேண்டும். குரூப்பில் அதுதான் முறை.

"சும்மாதானுங்க. செத்தவர் மெத்தை" என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "இதுக்கு லிங்க் கெடையாது போல." அதோடு இன்னொன்று: "மச்சானை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. நீங்க ஓசூருக்கு வந்து நிக்க வேணாம்."

இரண்டையும் நல்லம்மாளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"அப்புறம்" என்றாள்.

"அப்புறம் என்ன, அவன் இன்னும் கோபமாத்தான் இருக்கறான்" என்றேன். "நானும்தான்."